கையால பெயிண்ட் பண்ணின கிஃப்ட் பேப்பர் மடிக்கும்போது உதிருது, வழி சொல்லுங்களேன்

காகிதக்கொக்கு:

எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பண்டிகைக்கு நாங்க குடுக்கவேண்டிய பரிசு மொத்தம் 11. அத்தனைக்கும் சுத்துற பேப்பரை வீட்டுலயே நாமளே டிசைன் பண்ணிடலாம்னு நானும் பசங்களும் முடிவு பண்ணிருக்கோம். பெரியவளுக்கு 9 வயசு, சின்னவனுக்கு 6. போன வாரம் பிரவுன் பேப்பர் ரோல்லேர்ந்து மூணு ஷீட் வெட்டி போஸ்டர் கலர் வச்சு பிரஷ்ஷால நட்சத்திரம், மரம், பறவைன்னு வரைஞ்சோம், தரையில விரிச்சு வச்சப்ப பார்க்கவே அவ்ளோ நல்லா இருந்துச்சு.

காஞ்சதுக்கு அப்புறம்தான் எல்லாம் கெட்டுப்போச்சு. பேப்பர் அலை அலையா நெளிஞ்சுடுச்சு, பெட்டியில சுத்தி மூலையை மடிச்சா மடிப்பு விழுற இடத்துல எல்லாம் கலர் பொடியா உதிருது, உதிராத இடத்துல செலோ டேப் ஒட்டினா டேப் கலரோட சேர்ந்து கையோட வந்துடுது, அதையும் சமாளிச்சு ஒரு பெட்டியை முடிச்சு கையில தூக்கினா விரல் பூரா பச்சை. இது எல்லாத்தையும் விட சின்னவன் வருத்தப்பட்டதுதான் எனக்குத் தாங்கல. அவன் அரை மணி நேரம் உட்கார்ந்து வரைஞ்ச பறவை பெட்டிக்கு அடியில போய் மாட்டிக்கிச்சு, அதுவும் தலைகீழா.

இன்னும் மூணு வாரம் இருக்கு. எந்தக் கலர், எந்தப் பேப்பர், வரைஞ்சது நாம நினைக்கிற இடத்துல வந்து உட்கார என்ன பண்ணணும், இது மூணும் தெரிஞ்சா போதும். ரெடிமேடா வாங்கிக்கோங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க, பசங்க ரொம்ப ஆசையா இருக்காங்க. பெட்டிங்க பெரும்பாலும் 25க்கு 18, உயரம் 8 செ.மீ. அளவுல இருக்கும், ரெண்டு மூணு புத்தகமும் இருக்கு.

மை_கறை:

வணக்கம்ங்க. நானும் ஆரம்பத்துல போஸ்டர் கலர்லதான் தொடங்கினேன், நீங்க சொன்னது நாலுமே எனக்கும் நடந்திருக்கு. ஒவ்வொண்ணுக்கும் காரணம் வேற வேறங்கறதால தனித்தனியா சொல்றேன்.

முதல்ல கலர். போஸ்டர் கலர் காஞ்சாலும் ஈரம் பட்டா மறுபடியும் கரையும், அதனாலதான் வியர்வைக் கையில பிடிச்சதும் ஒட்டிக்கிச்சு. அதுல நிறப்பொடி நிறைய, அதைப் பிடிச்சு வைக்கிற பசை கம்மி, கெட்டியா தடவி மடிச்சா வெடிச்சு உதிரத்தான் செய்யும். டேப் ஒட்டாததுக்கும் அதே காரணம்தான், டேப் பேப்பரைப் பிடிக்காம மேல இருக்கிற பொடியைப் பிடிக்குது. அக்ரிலிக் வாங்குங்க. அது காஞ்சா பிளாஸ்டிக் மாதிரி ஒரு மெல்லிசான படலமா ஆகிடும், மடிச்சா வளையும், தண்ணி பட்டா கரையாது. ஆனா அதையும் கெட்டியா அப்பினா மடிப்புல பிளக்கும், மெல்லிசா ஒரே ஒரு படலம்தான் இருக்கணும்.

அடுத்து நெளிவு. பேப்பர்ல இருக்கிற நார் தண்ணி குடிச்சு உப்பும், ஒரு இடம் உப்பி பக்கத்து இடம் உப்பலன்னா நெளியாம வேற என்ன பண்ணும். பிரஷ்ல தண்ணியோட வரையறதை விட்டுட்டு ஸ்டாம்ப் வச்சு அச்சு குத்துங்க. அச்சுல கலர் மட்டும்தான் போகும், தண்ணி ரொம்பக் கம்மி. பாதிப் பிரச்சனை இதுலயே போயிடும்னு நான் தைரியமா சொல்வேன். ஏற்கெனவே நெளிஞ்ச ஷீட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க, திருப்பிப் போட்டு மேல ஒரு வெள்ளைத் துணி விரிச்சு ஆவி இல்லாம குறைஞ்ச சூட்டுல அயர்ன் பண்ணினா ஓரளவு படியும். அக்ரிலிக் அடிச்ச ஷீட்டா இருந்தா கலர் இருக்கிற பக்கத்துக்குக் கீழே பட்டர் பேப்பர் வைக்காம அயர்ன் பண்ணாதீங்க, சூட்டுல அக்ரிலிக் இளகி கீழ இருக்கிறதுல ஒட்டிக்கும்.

பேப்பர் பத்தி. பிரவுன் பேப்பர் சரியான தேர்வுதான், நார் நீளமா இருக்கிறதால இழுத்தா சட்டுனு கிழியாது, ஜெர்மன் மொழியில பலம்ங்கற அர்த்தம் வர்ற கிராஃப்ட்ங்கற வார்த்தைதான் அதுக்குப் பேராவே இருக்கு. 70லேர்ந்து 80 ஜிஎஸ்எம் வரைக்கும் எடுங்க, ஜிஎஸ்எம்ங்கறது ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தனை கிராம் எடைங்கற கணக்கு. அதுக்கும் மெல்லிசுன்னா கலர் பின்பக்கம் தெரியும், 120க்கு மேல போனா பெட்டி மூலையில மடிப்பு படியாம எழும்பி நிக்கும். இன்னொண்ணு, பேப்பர்ல நார் ஓடுற திசைன்னு ஒண்ணு இருக்கு. ஷீட்டை நீளவாக்குலயும் அகலவாக்குலயும் லேசா வளைச்சுப் பாருங்க, எப்படி வளைக்கும்போது சுலபமா வளையுதோ, அந்த வளைவுல மடிப்புக் கோடு ஓடுற திசைதான் நாரோட திசை. பெட்டியோட நீளமான மடிப்புங்க அந்தத் திசையில வர்ற மாதிரி வச்சா மடிப்பு கத்தி மாதிரி விழும்.

ஸ்டாம்ப்புக்கு உருளைக்கிழங்கே போதும். ரெண்டா வெட்டி, வெட்டின முகத்தை டிஷ்யூ பேப்பர் மேல கவுத்து ஒரு கால் மணி நேரம் விட்டுடணும், இதை யாரும் செய்றதில்ல. கிழங்குல இருக்கிற தண்ணி கலர்ல கலந்துதான் அச்சு வழுக்கிட்டுப் போகுது. அப்புறம் வடிவம் வரைஞ்சு சுத்தி அரை செ.மீ. ஆழத்துக்கு செதுக்கிடுங்க. கலர்ல முக்கி எடுக்கக்கூடாது, ஒரு தட்டுல கொஞ்சமா கலரைப் பரப்பி ஸ்பாஞ்சால ஸ்டாம்ப் மேல தட்டித் தட்டி ஏத்தணும். பேப்பருக்கு அடியில பழைய துண்டையோ நாலஞ்சு நியூஸ் பேப்பரையோ மெத்தை மாதிரி போடுங்க, கெட்டித் தரையில குத்தினா நடுவுல ஓட்டை ஓட்டையா விழும். முதல் அச்சு எப்பவும் அதிக ஈரமா இருக்கும், அதை வேஸ்ட் பேப்பர்ல குத்திட்டு ரெண்டாவதுலேர்ந்து நல்ல பேப்பருக்கு வாங்க.

பிரவுன் மேல எந்தக் கலர் எடுக்கும்னு கேட்டா, கண்ணை மூடிட்டு வெள்ளை. வெள்ளை அக்ரிலிக் அடர்த்தியா மூடும், பிரவுன்ல அது மாதிரி பளிச்சுன்னு நிக்கிறது வேற எதுவும் இல்ல. மஞ்சளும் இளஞ்சிவப்பும் நேரா அடிச்சா மங்கிப் போகும், அதுல கொஞ்சம் வெள்ளை கலந்துக்கோங்க.

கடைசியா, ராத்திரி முழுக்கக் காயவிட்டுட்டுதான் மடிக்கணும். அரை மணியில தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும், ஆனா ரெண்டு ஷீட்டை முகத்துக்கு முகம் அடுக்கினீங்கன்னா ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, பிரிக்கும்போது ரெண்டும் போயிடும்.

அலைமடிப்பு:

நான் இதை வேற மாதிரி பண்றவ. முதல்ல வெறும் பேப்பர்ல சுத்தி முடிச்சுடுவேன், அப்புறம்தான் மேல வரைவேன். மடிப்புல உதிருமோங்கற கவலையே இல்ல, டேப் பளிச்சுன்னு ஒட்டும், பறவை எங்க உட்காரணும்னு நினைக்கிறோமோ அங்கதான் உட்காரும். முழு ஷீட்டுக்கும் கலர் அடிச்சு பாதியை மடிப்புக்குள்ள மறைக்கிறது எதுக்குன்னு எனக்கு எப்பவுமே தோணும். மேல் முகமும் ரெண்டு பக்கமும் மட்டும் பண்ணினாப் போதும். சின்னக் குழந்தைங்களுக்கும் இதுதான் சந்தோஷம், பரிசு கண்ணு முன்னாடி அப்பவே அழகாகிறதைப் பார்ப்பாங்க.

மை_கறை:

அலைமடிப்பு, புத்தகத்துக்கோ கெட்டி அட்டைப் பெட்டிக்கோ நீங்க சொல்றது சரி. ஆனா பெட்டியோட மேல் அட்டை கொஞ்சம் மெலிசா இருந்தா குத்துற அழுத்தத்துல உள்ள அமுங்கும், அச்சு பாதிதான் விழும். அதோட இறுக்கிச் சுத்தின பேப்பர்ல ஈரம் பட்டா அது உப்பி தொளதொளன்னு ஆகும், காஞ்ச பிறகு முன்னால இருந்த இறுக்கம் திரும்ப வராது. உள்ள புத்தகம்னா அந்த ஈரம் அட்டைக்கும் போகும்ங்கறதையும் யோசிக்கணும். பேனாவுலயோ கலர் பென்சில்லயோ வரையறதா இருந்தா நீங்க சொல்ற வழிதான் நல்லது, பெயிண்ட்டுக்கு நான் ஒத்துக்க மாட்டேன்.

நேர்கோடு:

ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு, நான் பல வருஷமா அதைத்தான் பண்ணிட்டிருக்கேன். வெறும் பேப்பரை முதல்ல பெட்டியில சுத்திப் பாருங்க, டேப் வேண்டாம், ஒவ்வொரு விளிம்புலயும் நகத்தால நல்லா தேச்சு மடிப்பு விழ வச்சுடுங்க. அப்புறம் பிரிச்சு விரிங்க. எந்தக் கட்டம் மேல் முகம், எது பக்கவாட்டு, எது அடி, எது மடிப்புக்குள்ள மறையும்னு எல்லாம் கோடு போட்ட மாதிரி தெரியும். மேல் முகத்தோட நாலு மூலையிலயும் பென்சில்ல ஒரு சின்னப் புள்ளி வச்சுக்கோங்க. இப்ப தட்டையா இருக்கிற பேப்பர்ல நிம்மதியா அச்சு குத்தலாம், டேப் ஒட்டப்போற ஓரத்துல 3 செ.மீ. மட்டும் கலர் படாம விட்டுடுங்க. காஞ்சதும் அதே மடிப்புல மறுபடி சுத்தினா தன்னால போய் படியும். மடிப்பு ஏற்கெனவே விழுந்த இடம்ங்கறதால அங்க கலர் ரொம்ப வெடிக்காது, இருந்தாலும் மடிப்புக் கோட்டு மேல கெட்டியா குத்தாம தள்ளிக் குத்துறது நல்லது.

உங்க சின்னவரோட பறவை ஏன் தலைகீழா போச்சுன்னா, பேப்பர் பெட்டியைச் சுத்திப் போகுதில்ல, முன்பக்கம் நேரா நிக்கிறது மேல ஏறி பின்பக்கம் இறங்கும்போது தலைகீழாதான் இறங்கும். அதை மாத்த முடியாது. அதனால மேல் தலை கீழ் கால்னு இருக்கிற உருவத்தை மேல் முகத்துல மட்டும் வைங்க, மத்த இடத்துல புள்ளி, இலை, நட்சத்திரம் மாதிரி எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி தெரியற உருவம் போடுங்க. வரிசையா குத்தும்போது முதல் வரிசை நேரா, ரெண்டாவது வரிசையில பாதி இடைவெளி தள்ளி, மூணாவது மறுபடி முதல் வரிசை மாதிரி, இப்படிப் போனா கொஞ்சம் கோணலா குத்தினாலும் கண்ணுக்குத் தெரியாது. துணியில அச்சு போடுறவங்க காலங்காலமா இப்படித்தான் பண்றாங்க.

அளவு சொல்றேன், அளவில்லாம வெட்டினா கஷ்டப்பட்டு வரைஞ்ச பேப்பர் வீணாகும். உங்க பெட்டி 25, 18, 8. சுத்தி வர்றதுக்கு அகலத்தையும் உயரத்தையும் கூட்டி ரெண்டால பெருக்குங்க, 52 வரும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஒட்ட 3 சேர்த்தா 55. இன்னொரு பக்கம் நீளம் 25, அதோட ரெண்டு முனையிலயும் உயரத்துல முக்கால் பங்கு, அதாவது 6 6ன்னு 12 சேர்த்தா 37. ஆக 55க்கு 37, ஒரு ஏ2 ஷீட்ல வந்துடும். முனையில அதுக்கு மேல விட்டா மூலை தடிச்சு அசிங்கமா வரும், நிறைய பேர் பேப்பர் மிச்சம் இருக்குன்னு வெட்டாம உள்ள திணிப்பாங்க, அது வேண்டாம். பெட்டியைக் கவுத்து வச்சு சுத்துங்க, இணைப்பு அடியில போயிடும்.

சதுரமான தட்டைப் பெட்டி ஏதாவது இருந்தா பேப்பரைச் சாய்வா வைங்க. மேல் முகத்தோட மூலைவிட்டம் எவ்வளவோ அதோட உயரத்தை ஒன்றரை மடங்கு கூட்டினா வர்றதுதான் சதுரப் பேப்பரோட பக்கம். 15க்கு 15, உயரம் 5ன்னு வைங்க, மூலைவிட்டம் 21.2, அதோட 7.5, மொத்தம் 28.7. ஏ3 ஷீட்டோட அகலமே 29.7 தானே, அதுல ஒரு சதுரம் வெட்டினா முடிஞ்சது. நாலு மூலையும் பெட்டிக்கு நடுவுல வந்து சேரும், ஒரே ஒரு டேப் துண்டு போதும், வழக்கமா சுத்துறதை விட பேப்பரும் கம்மிதான்.

காகிதக்கொக்கு:

எல்லாருக்கும் எவ்ளோ நன்றி சொன்னாலும் பத்தாது. மடிச்சுப் பிரிச்சு அச்சு குத்துற வழி எங்களுக்குச் சரியா வரும்னு தோணுது, இன்னிக்கு ஒரு சின்னப் பெட்டியில வெறுமனே மடிச்சுப் பார்த்தோம், பெரியவ உடனே புரிஞ்சுக்கிட்டா. ரெண்டு சந்தேகம் மட்டும். 6 வயசுப் பையன் கையில அக்ரிலிக் குடுக்கலாமா, கிழங்கு செதுக்கக் கத்தி குடுக்கவும் எனக்குப் பயம். அப்புறம் ஒரே மாதிரி வரிசையா குத்துறதுல அவனுக்கு ஆர்வம் இல்ல, பத்து நிமிஷத்துல எழுந்து போயிடுவான், அவனுக்கு ஏத்த வேலை என்ன இருக்கும்?

சாக்பீஸ்:

நான் சின்ன வகுப்புப் பசங்களுக்குக் கைவேலை சொல்லிக்குடுக்கிறேன், அதனால இந்தக் கேள்வி எனக்குன்னே கேட்ட மாதிரி இருக்கு.

கத்தியே வேண்டாம். ஃபோம் ஷீட்டைக் கத்தரியால அவன் இஷ்டத்துக்கு வெட்டட்டும், அதை ஒரு பாட்டில் மூடி மேலயோ மரக்கட்டை மேலயோ ஒட்டிக் குடுங்க, பிடிக்கிறதுக்கு வசதியான ஸ்டாம்ப் ரெடி. பென்சில் பின்னாடி இருக்கிற ரப்பர் புள்ளி வைக்க ரொம்ப நல்லா இருக்கும். இலை அச்சும் பசங்களுக்குப் பிடிக்கும், ஆனா காஞ்ச இலை உடையும், பச்சை இலை எடுத்து நரம்பு எழும்பி இருக்கிற பின்பக்கத்துல கலர் தடவி, மேல ஒரு வேஸ்ட் பேப்பர் வச்சு உள்ளங்கையால ஒரு இடம் விடாம அழுத்தணும், நகராம அழுத்தணும். எடுத்துப் பார்க்கும்போது நரம்பு ஒவ்வொண்ணா தெரியறதைப் பார்த்து அவங்க முகத்துல வர்ற வெளிச்சத்துக்காகவே நான் வருஷா வருஷம் இதைச் செய்ய வைக்கிறேன்.

உங்க பையன் மாதிரி ஓரிடத்துல உட்காராதவங்களுக்கு டூத் பிரஷ் வேலை குடுங்க. பேப்பர் மேல இலைகளையோ வெட்டின அட்டை உருவங்களையோ பரப்பி வச்சு, பழைய டூத் பிரஷ்ல கலர் தொட்டு விரலால வருடினா பொடிப் பொடியா தெறிக்கும். எல்லாத்தையும் எடுத்துட்டா அந்த உருவங்க வெறும் பேப்பரா நிக்கும், சுத்தி மட்டும் தூறல் மாதிரி புள்ளிங்க. பிரவுன் மேல வெள்ளை தெறிச்சா அவ்ளோ அழகு. நாலு பக்கமும் நியூஸ் பேப்பரை அகலமா விரிச்சுட்டுதான் ஆரம்பிக்கணும்.

மெழுகு கிரேயான்லயும் ஒண்ணு இருக்கு. பேப்பருக்கு அடியில சொரசொரப்பா எதையாவது, அட்டையில ஒட்டின நூல், இலை, ஓலைப் பாய் இப்படி எதையாவது வச்சு கிரேயானைப் படுக்க வச்சு மேல தேய்க்கிறது. பெயிண்டே இல்ல, காயவைக்க வேண்டியதில்ல, உடனே மடிக்கலாம். ஆனா மெழுகு மேல டேப் நிக்காது, அதனால நேர்கோடு சொன்ன ஓரத்தை இதுலயும் மறக்காம விடுங்க. 80 ஜிஎஸ்எம்முக்கு மேல போனா அடியில இருக்கிறது எழும்பி வராது, மெல்லிசுதான் இதுக்கு நல்லது.

அக்ரிலிக் குடுக்கலாம், குழந்தைகளுக்குன்னு குறிச்சிருக்கிறதா பார்த்து வாங்குங்க. துணியில காஞ்சா மட்டும் போகவே போகாது, பழைய சட்டை போட்டு விடுங்க. பிரஷ்ஷையும் ஸ்பாஞ்சையும் வேலை முடிஞ்ச கையோட தண்ணியில கழுவிடணும், ஒரு மணி நேரம் விட்டுட்டீங்கன்னா அது கல்லு.

ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கிறேன். அவன் குத்தினது கோணலா இருக்குன்னு அவன் தூங்கினதும் நீங்க சரி பண்ணிடாதீங்க. பசங்க மறுநாள் காலையில அதைத்தான் முதல்ல கண்டுபிடிப்பாங்க.

பழுப்புத்தாள்:

ஜிகினா மட்டும் தூவிடாதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன். பசங்க கேப்பாங்க, எங்க வீட்டுலயும் கேட்டாங்க. சாதாரண ஜிகினாங்கறது உலோகப் பூச்சு பூசின பிளாஸ்டிக்கைப் பொடியா வெட்டினதுதான், ஒரு சிட்டிகை ஒட்டினாலும் அந்தப் பேப்பர் பழைய பேப்பரோட சேர்ந்து மறுபடி பேப்பர் ஆகிற வழி அடைஞ்சுடும். ஐரோப்பிய ஒன்றியத்துல 2023 அக்டோபர்லேர்ந்து மக்காத பிளாஸ்டிக்ல செஞ்ச உதிரி ஜிகினாவை விக்கவே தடை போட்டுட்டாங்க. மினுமினுப்பு வேணும்னா தங்கக் கலர் பேனாவால நாலு கோடு இழுங்க, விளக்கு வெளிச்சத்துல அதுவே போதும்.

வீட்டுல பழைய கிஃப்ட் பேப்பர் எதையாவது சேர்த்துக்கறதா இருந்தா கையில கசக்கிப் பாருங்க, கசக்கின மாதிரியே இருந்தா காகிதம், விட்டதும் விரிஞ்சு எழும்புச்சுன்னா பிளாஸ்டிக் கலந்தது, அது மேல உங்க பெயிண்ட்டும் சரியா பிடிக்காது.

டேப்பையும் குறைக்கலாம்னு நான் நினைக்கிறேன். நாம இப்ப ஒட்டுற கண்ணாடி மாதிரி டேப் 1930லதான் 3எம் கம்பெனியில ரிச்சர்ட் ட்ரூங்கறவர் கண்டுபிடிச்சு வந்தது, அதுக்கு முன்னாடி நூலும் அரக்கும் வச்சுத்தான் பார்சல் நின்னுச்சு. சணல் கயித்தை நீளத்துல ஒரு சுத்து, அகலத்துல ஒரு சுத்துன்னு குறுக்கா இறுக்கிக் கட்டினா ஒரே ஒரு டேப் துண்டோட முடிச்சுடலாம், வாங்குறவங்களும் பேப்பரைக் கிழிக்காம பிரிச்சு எடுத்து வச்சுக்குவாங்க. பசங்க கையால அச்சு போட்டது கிழிஞ்சு குப்பைக்குப் போறதைப் பார்க்க எனக்கு மனசு வராது.

அலங்காரப் பேப்பர் பழக்கமே எதிர்பாராம வந்ததுதான். 1917 கிறிஸ்துமஸுக்கு அமெரிக்காவுல கன்சாஸ் சிட்டியில ஹால் சகோதரர்கள் கடையில பரிசு சுத்துற டிஷ்யூ பேப்பர் தீர்ந்துபோய், கவர் உள்பக்கம் ஒட்டுறதுக்காக வச்சிருந்த பிரெஞ்சு அலங்காரத் தாளை எடுத்து மேசை மேல வச்சாங்க, அதுவும் வேகமா வித்துப்போச்சு. பின்னாடி ஹால்மார்க்னு பெரிசா ஆனது அவங்கதான். அதனால கையில இருக்கிறதை வச்சே யோசிங்க, பழைய வரைபடம், முடிஞ்சுபோன காலண்டர் தாள், பிழை விழுந்த பிரிண்ட் தாள் எல்லாத்து மேலயும் ஒரு வெள்ளை அச்சு குத்தினா போதும்.

மை_கறை:

பெரியவளுக்கு இன்னும் கொஞ்சம் சவாலா ஏதாவது வேணும்னா பசைத் தாள் பண்ணச் சொல்லுங்க, ஒரு ஞாயித்துக்கிழமைக்கான வேலை. ஐரோப்பாவுல புத்தகம் பைண்டிங் பண்றவங்க அட்டைக்கும் உள்பக்கத்துக்கும் பல நூறு வருஷமா இப்படித்தான் தாள் செஞ்சிருக்காங்க. ஒரு பங்கு சோள மாவுக்கு ஆறு பங்கு தண்ணி, முதல்ல குளிர்ந்த தண்ணி கொஞ்சத்துல கட்டியில்லாம கரைச்சு, மீதித் தண்ணியை அடுப்புல வச்சு அதுல ஊத்திக் கிண்டிட்டே இருந்தா வெள்ளை போய் கண்ணாடி மாதிரி ஆகும். இறக்கி நல்லா ஆறவிட்டு வடிகட்டி, சின்னச் சின்னக் கிண்ணத்துல பிரிச்சு அக்ரிலிக் கலந்துக்கோங்க.

100 ஜிஎஸ்எம் பேப்பரை ஈர ஸ்பாஞ்சால முழுக்க ஒரே சீரா நனைங்க. முழுக்க நனைச்சா ஒரே மாதிரி உப்பும், அதனால நெளியாது, முன்னாடி சொன்ன அதே காரணம்தான். அகலமான பிரஷ்ஷால பசையைத் தடவி, சீப்பு, முள்கரண்டி, பல் பல்லா வெட்டின அட்டைத் துண்டு எதையாவது வச்சு இழுத்தா இழுத்த இடத்துல அடிப் பேப்பர் கோடு கோடா தெரியும். வளைச்சு இழுத்தா அலை, குறுக்கும் நெடுக்கும் இழுத்தா கட்டம். பிடிக்கலன்னா மறுபடி பிரஷ்ஷால தேச்சுட்டு புதுசா இழுக்கலாம், காயற வரைக்கும் எத்தனை தடவை வேணாலும். இந்த ஒரு சலுகை ஸ்டாம்ப்ல கிடையாது, பெயிண்ட் பண்ண பயப்படுற பசங்களுக்கு இதனாலேயே நான் இதைச் சொல்வேன். காஞ்சதும் ரெண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவுல வச்சு மேல கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு ராத்திரி விட்டா தட்டையாகிடும்.

ஷேவிங் ஃபோம்ல கலரைச் சொட்டி சுழிச்சு பேப்பரை ஒத்தி எடுக்கிற வித்தையும் வீடியோல பார்த்திருப்பீங்க. பண்ணிப் பாருங்க, ஆனா தட்டு எவ்வளவு பெரிசோ அவ்வளவு பேப்பர்தான் கிடைக்கும், முழுப் பெட்டிக்குப் பத்தாது. பிரவுன் பேப்பர்ல சுத்தி, நடுவுல 7 செ.மீ. அகலத்துக்கு பட்டை மாதிரி அதை ஒட்டினா அதுக்கான இடம் அதுதான்.

காகிதக்கொக்கு:

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், என்ன ஆச்சுன்னு சொல்லாம இருக்க முடியல.

9 முடிஞ்சுது. மடிச்சு, பிரிச்சு, புள்ளி வச்சு, வெள்ளை அக்ரிலிக்ல அச்சு. கிழங்கைக் கவுத்து வச்ச அந்தக் கால் மணி நேரம் எவ்ளோ வித்தியாசம்னு இப்பதான் தெரியுது, முதல் நாள் அவசரத்துல அதைச் செய்யாம குத்தினது மங்கலா வழுக்கியிருக்கு, மறுநாள் குத்தினது முத்திரை மாதிரி நிக்குது, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தோம். ஒரு மடிப்புல கூட கலர் உதிரல. ஒரே ஒரு இடத்துல தப்பு பண்ணினேன், ஓரம் விடச் சொன்னதை ஒரு ஷீட்ல மறந்து முழுசா குத்திட்டோம், அதுக்கு மட்டும் டேப் இல்லாம கயித்துலயே கட்டிட்டோம், அதுதான் எல்லாத்துலயும் அழகா இருக்குன்னு வீட்டுல சொல்றாங்க.

பெரியவ பசைத் தாள் நாலு ஷீட் போட்டா, நீலத்துல அலை. அதைப் பரிசுக்குக் குடுக்க மனசில்லாம ஒரு ஷீட்டைத் தன் நோட்டுக்கு அட்டையா போட்டுக்கிட்டா. சின்னவனுக்கு டூத் பிரஷ்ஷைக் குடுத்ததும் ஒரு மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரல. அவன் பறவை இப்ப தாத்தாவுக்குக் குடுக்கப்போற பெட்டியோட மேல் முகத்துல நடுவுல நேரா உட்கார்ந்திருக்கு. ஒரு றெக்கை பெரிசு ஒண்ணு சின்னது, நான் தொடவே இல்ல.

மிச்சம் ரெண்டு இருக்கு, ரெண்டும் உருண்டை டப்பா. விட்டம் 10, உயரம் 15. இதுக்கு எப்படி மடிச்சுப் பார்க்கிறது, விளிம்பே இல்லையே?

நேர்கோடு:

படிக்கவே சந்தோஷமா இருக்குங்க. உருண்டைக்கு மடிச்சுப் பார்க்கத் தேவையில்ல, கணக்கு மட்டும்தான். சுத்தளவு விட்டத்தை 3.14ஆல பெருக்கினா 31.4, ஒட்டுறதுக்கு 2 சேர்த்து 33.4. இன்னொரு பக்கம் உயரம் 15, ரெண்டு முனைக்கும் 5 5, மொத்தம் 25. ஏ3 ஒண்ணு போதும். உயரம் 15 வர்ற பட்டை மட்டும் தெரியற பகுதி, அச்சு அதுக்குள்ள இருக்கட்டும், மேலயும் கீழயும் 5 செ.மீ. வெறுமையா விடுங்க. சுத்தி ஒட்டினதும் மேல நீட்டிட்டிருக்கிறதை விசிறி மாதிரி சின்னச் சின்ன மடிப்பா ஒரே பக்கமா சாய்ச்சு நடுவை நோக்கிப் படிய வைங்க, ஒவ்வொரு மடிப்பும் முந்தின மடிப்பைப் பாதி மூடணும். நடுவுல எல்லாம் சேர்ற இடம் கொஞ்சம் ஒழுங்கில்லாமதான் இருக்கும், அதை மூட 9 செ.மீ. விட்டத்துல ஒரு வட்டம் வெட்டி மேல ஒட்டிடுங்க. அந்த ரெண்டு வட்டத்தையும் வெட்டினதும் சின்னவர் கையில குடுத்துடுங்க, இன்னும் ரெண்டு பறவைக்கு இடம் இருக்கு.